கேசவன் வண்டி பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

கேசவனின் பழைய டீசல் வண்டியைத் தெரியாதவர்கள் நகரியில் அந்தத் தெருவில் இல்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் அது உறுமிக்கொண்டு கிளம்பினால் எதிர்வீட்டில் பால் பாத்திரம் அடுப்பில் ஏறும். பக்கத்து வீட்டுத் தேவேந்திரன் திட்டிக்கொண்டே எழுந்திருப்பார். பதினாலு வருஷமாக இப்படி. வண்டி போகிற இடமும் ஒன்றேதான். திருச்சானூர், தாயார் சந்நிதி.

முன்சீட்டில் பச்சையம்மாள் உட்கார்ந்திருப்பாள். மடியில் பூக்கூடை, காலடியில் புளிச்சோற்றுத் தூக்கு. மற்ற ஆறு நாளும் அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற தறிக்கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை. அங்கே ஆறு பவர்லூம் ஓடுகிறது. கேசவன் தறிகளைப் பார்த்துக்கொள்வார், அவள் அவற்றுக்கு நூல் சுற்றித் தருவாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமும் அந்தக் கடகடப்புக்குள்ளேயே போயிற்று. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் தறி நிற்கும். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறாள் என்பது கேசவனுக்குத் தெரியும். புத்தூர் தாண்டியதும் அவள் முகம் தெளிந்து வரும். ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டால் போதும், வாரம் முழுக்க நின்ற கால்வலி அவருக்குப் போய்விடும்.

கேசவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. மூன்று வருஷமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

முழுச் செவிடு இல்லை. முகம் பார்த்துப் பேசினால் ஆண்பிள்ளைக் குரல் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், கோயிலில் பெரிய மணி கேட்கும். மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. முதலில் கொசு. பிறகு குக்கர் விசில். பிறகு செல்போன் மணி. பிறகு பெண்கள் குரல். பச்சையம்மாள் பேசினால் ஏதோ பேசுகிறாள் என்று தெரியும், இன்ன வார்த்தை என்று பிடிபடாது. வாயைப் பார்த்தால் புரிந்துவிடும். தறிக்கொட்டகையில் எல்லாருமே வாயையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், அதனால் இவர் அப்படிப் பார்ப்பதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. புரியாமல் போனால், “தறி சத்தத்துல கேக்கல” என்பார். வண்டியில் போகும்போது, “இஞ்சின் சத்தத்துல கேக்கல” என்பார். இரண்டும் சொல்ல முடியாத இடத்தில் தலையை ஆட்டிவிடுவார். அப்படி ஒருமுறை தேவேந்திரன் மனைவி லட்சுமம்மா கேட்டதற்குத் தலையாட்டி வைக்க, அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தன்று காலையில் வந்து, “இன்னாண்ணா, அம்பது நாற்காலி அனுப்பறேன்னு ஒத்துக்கினியே, எங்க?” என்று அந்த அம்மாள் வாசலில் நின்றாள்.

ஏன் ஒளித்தார் என்றால், மகனுக்குப் பயந்துதான். சீனு சத்தியவேட்டில் வாடகைக்கு வீடெடுத்து ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். பெற்றவர்கள்மேல் உயிர். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவான். அவனோ ஷிப்டு வேலைக்காரன், வாராவாரம் வந்து ஓட்ட முடியாது. பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், பச்சையம்மாளின் முழங்காலுக்குப் படி ஏறினாலே உயிர் போகும். ஆக, கேசவன் ஓட்டுவது நின்றால் அவளுடைய வெள்ளிக்கிழமையும் நின்றுவிடும். அவர் பயம் அவ்வளவுதான்.

பழைய வண்டியில் அந்த ரகசியம் பத்திரமாக இருந்தது. காது செய்ய வேண்டிய வேலையை உள்ளங்கால் செய்தது. இஞ்சின் எப்படி ஓடுகிறது, எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் தரை அதிர்விலேயே தெரிந்துகொள்வார்.

போன தையில் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். “இத்த தொறந்தா மூட முடியாது, பெரியவரே” என்றார். சீனு உடனே, “நைனா, புதுசா எலக்ட்ரிக் வண்டி எடுத்துக்கலாம். சின்ன எஸ்யூவி. உயரமா கீது, அம்மா குனியாம ஏறலாம், எறங்கலாம். புகையில்ல, சத்தமே இல்ல” என்றான்.

சத்தமே இல்ல என்றதும் கேசவன் பழைய வண்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

தெருவில் விஷயம் பரவியது. தேவேந்திரன் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“இன்னா கேசவா, கரண்ட்டு வண்டியாமே? நம்மூரு கரண்ட்ட நம்பி தறியே ஓட்ட முடியல, நீ காரு ஓட்டப்போறியா? புத்தூராண்ட நின்னுபோச்சுனா இன்னா பண்ணுவ? லைன்மேன பின்சீட்டுல ஒக்காரவெச்சுக்கினு போவியா?”

“லைன்மேன் வந்தா நல்லதுதான். பூ கட்டத் தெரியுமானு பச்சை கேட்டுக்கினு வருவா” என்றார் கேசவன்.

வாயில் வேடிக்கை வந்ததே தவிர, மனசுக்குள் அடித்துக்கொண்டது. ஒரு வாரம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. எதற்காக வேண்டாம் என்று சீனு கேட்பான். “பாத்துட்டு சொல்றேன்” என்று முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சீனு லீவு போட்டுக்கொண்டு வந்து பழைய வண்டியை ஓட்டினான். பெற்றவர்களுக்குத் தாயார் தரிசனத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, ரேணிகுண்டா ரோட்டில் இருக்கிற ஷோரூமுக்கு அழைத்துப்போனான். நெற்றியில் குங்குமம் காயுமுன் மூவரும் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தார்கள். மோகனப்ரியா என்ற பெண் எதிரே வந்தாள்.

“வாங்க சார், வாங்கம்மா. நகரின்னு சொன்னாங்க. நான் திருத்தணி. டெய்லி ரயில்ல வந்துகினு போறேன்.”

முகத்தைப் பார்த்துப் பேசியதால் கேசவனுக்கு இது புரிந்தது. பிறகு அவள் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு விளக்க ஆரம்பித்தாள். அவள் முதுகுக்குக் கேசவன் தலையாட்டிக்கொண்டே நடந்தார்.

ஆனாலும் அவருக்கு வண்டி பார்க்கத் தெரியும். கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கிராமத்து வேகத்தடைகளுக்குப் போதும். டயரை அமுக்கினார். கதவை மூன்று முறை திறந்து மூடி, மூடும்போது சட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். எழுந்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

“ஒரு தரம் கரண்ட்டு ஏத்துனா எவ்ளோ தூரம் போவும்மா? பேப்பர்ல போட்டிருக்கறத சொல்லாத. ரோட்டுல போறத சொல்லு.”

அவள் சிரித்துவிட்டாள். “பேப்பர்ல நானூத்தி எண்பது சார். ஏசி போட்டு, நாலு பேரு ஏறி, நம்ம ரோட்டுல போனா முன்னூறுன்னு வெச்சுக்கோங்க.”

“எங்களுக்குப் போக வர நூத்தி முப்பது. அப்ப ரெண்டு வெள்ளிக்கெழம.” அவருக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. “பேட்டரி அடியில கீதுனு பையன் சொன்னான். மழை பெஞ்சா பாலத்தடியில முழங்கால் தண்ணி நிக்குது. உள்ள போவாதா?”

“சீல் பண்ணியிருக்கு சார். ஆனா முழங்கால் தண்ணின்னா எந்த வண்டியையும் எறக்காதீங்க. அது எந்த வண்டிக்கும் நல்லதில்ல.”

பூசி மெழுகாமல் சொன்னதால் அந்தப் பெண்மேல் அவருக்கு மரியாதை வந்தது.

சீனு நடுவில் புகுந்தான். “நைனா, தறிக்குதான் த்ரீ பேஸ் லைன் கீதே. சார்ஜரை அதுலயே மாட்டிக்கலாம்.”

“தறிக்குனு வாங்குன கரண்ட்டுடா அது. அத்த வண்டிக்குப் போட்டா தப்பு. வூட்டு மீட்டர்லேர்ந்து தனியா இழுத்துக்கலாம்.”

பச்சையம்மாள் இதற்குள் தன் பரீட்சையைத் தொடங்கியிருந்தாள். பின்சீட்டில் ஏறினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள், இறங்கினாள். மூன்றாம் தரமும் ஏறினாள்.

“இன்னாம்மா, குழந்தையாட்டம்?” என்றான் சீனு.

“மொதல் தரம் ஏறுறது சந்தோசத்துல ஏறுறதுடா. மூணாந்தரம் ஏறுறப்பதான் முட்டி உண்மைய சொல்லும்” என்றாள் அவள். முட்டி நல்லபடியாகவே சொன்னது. காலை நீட்டிப் பார்த்தாள். பூக்கூடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தூக்கு சாயாமல் நிற்க இடம் இருந்தது.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்” என்று மோகனப்ரியா சாவியை நீட்டினாள்.

கேசவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பச்சையம்மாள் பின்னாலிருந்து இறங்கி முன்கதவுக்கு வந்தாள்.

“அம்மா, நீங்க பின்னாடி ஒக்காருங்க. டெஸ்ட் டிரைவ்ல நாங்க பக்கத்துல இருக்கணும், அதான் ரூல்.”

“நான் எப்பவும் முன்னாடிதாம்மா குந்துவேன்.”

“பத்து நிமிஷந்தாம்மா.”

பச்சையம்மாள் ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவனைப் பார்த்தாள். பிறகு பின்னால் போய் சீனுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரூலுக்கு எதற்கு இவள் இவ்வளவு தயங்குகிறாள் என்று கேசவன் நினைத்துக்கொண்டார்.

பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளங்காலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

“நைனா, மொத தபாவுலயே ஆன் ஆயிடுச்சு. நீ இப்ப ஆஃப் பண்ணிட்ட” என்று சீனு முன்னால் எட்டிச் சொன்னான். மூன்றாவது முறை திரையைப் பார்த்து அழுத்தினார். தயார் என்று ஒரு சின்ன விளக்கு வந்தது. இனிமேல் கண்ணை நம்ப வேண்டியதுதான் என்று அவருக்குப் புரிந்தது.

வண்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மோகனப்ரியா ஏதோ சொன்னாள். கேசவன் சாலையைப் பார்த்தபடி, “ஆமாம்மா, நல்லா கீது” என்றார். அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி தலையாட்டினார். கடைசியில் அவள் தன் மார்பின் குறுக்கே இருந்த பெல்டைத் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் அவர் தன்னுடையதைப் பார்த்தார். மாட்டவேயில்லை. ஷோரூம் வாசலிலிருந்து வண்டி டிங் டிங் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது, வண்டியில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு மட்டும். ஓரமாக நிறுத்தி மாட்டிக்கொண்டார். வண்டி புதுசு, நைனாவுக்குப் பழக்கமில்லை என்று சீனு நினைத்தான்.

அப்புறம் ஐந்து நிமிஷம் கேசவனுக்குச் சொர்க்கமாக இருந்தது. காலை அழுத்தினால் பூப்போலப் பாய்ந்தது. காலை எடுத்தால் தானே அடங்கியது. இறக்கத்தில் பிரேக்கையே தொட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றி, கண்ணாடியில் பச்சையம்மாளைப் பார்த்தார். அவள் அசையக்கூட இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதம் அவருக்கு வினோதமாக இருந்தது. சீட்டில் சாயாமல், இரண்டு சீட்டுக்கும் நடுவே முகத்தை நீட்டி, சாலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் விழுந்தது. நிறுத்தினார்.

தறி ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதிர்வு சட்டென்று நின்றால் கரண்ட் போயிற்று என்று அர்த்தம். உடனே கை தானாக ஓடி ஒவ்வொரு தறியின் கைப்பிடியையும் தள்ளி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கரண்ட் திரும்பி வரும்போது ஆறு தறியும் ஒரே நேரத்தில் உதறிக்கொண்டு நூலை அறுத்துவிடும். முப்பது வருஷம் செய்த காரியத்துக்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை. வண்டி நின்றது, அதிர்வு எதுவும் இல்லை, கேசவனின் கை போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது. திரை இருண்டது. அவருக்கு அது தெரியவேயில்லை. வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது. கேசவன் காலை அழுத்தினார். வண்டி அசையவில்லை. பின்னால் ஸ்கூட்டர்காரரும் ஆட்டோக்காரரும் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்கள். “சார், ஆஃப் ஆயிடுச்சு” என்றாள் மோகனப்ரியா. “நைனா!” என்றான் சீனு. பச்சையம்மாளும் கத்தினாள். கேசவன் ஒருவர் பக்கமும் திரும்பாமல், அமைதியாக, காலை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தச் சத்தமும் இல்லை. காலையில் சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோது இருந்த அமைதிதான் அங்கேயும் இருந்தது.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தார். பச்சையம்மாளின் கை தெரிந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்தாள். தறி நின்றிருக்கிறது என்று அதற்குப் பொருள். கட்டைவிரலை மேலே தள்ளினாள். ஓட விடு. கேசவன் கீழே பார்த்தார், புரிந்தது, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். சிக்னலைத் தாண்டி, ஒரு டயர் கடை எதிரே ஓரம் கட்டினார்.

சீனு முன்னால் எட்டி, அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். “நைனா, பின்னாடி அத்தன பேரு ஹாரன் அடிச்சாங்க. நான் கத்தினேன். அம்மா கத்திச்சு. உனக்குக் கேக்கல?”

“கண்ணாடி ஏத்தி கீது இல்ல...”

“எங்களுக்குக் கேட்டுச்சே நைனா.”

சொல்வதற்கு ஒரு சத்தத்தைக் கேசவன் தேடினார். இஞ்சின் இல்லை. தறி இல்லை. ஏசி கூட மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்குள் பழி போட ஒரு சத்தம்கூட இல்லை.

பச்சையம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிச் சுற்றி வந்தாள். மோகனப்ரியா கெட்டிக்காரப் பெண், எதுவும் கேட்காமல் எழுந்து பின்னால் போனாள். பச்சையம்மாள் முன்சீட்டில் ஏறி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“சீனு நைனா, எம்மூஞ்ச பாரு.”

அவர் பார்த்தார்.

“தறி சத்தம்னு சொன்ன, சரின்னேன். இஞ்சின் சத்தம்னு சொன்ன, சரின்னேன். மூணு வருசமாச்சு. இங்க எந்த சத்தத்த சொல்லப்போற?”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாமயா முன்சீட்டுக்கு வந்தேன்? பின்னாடி காலை நீட்டிக்கினு வந்தா முட்டிக்கு சுகம்னு நீயே எத்தினி தபா சொன்ன? முன்னாடி குந்தினாதான நீ எம்வாயப் பாப்ப. லாரி வந்தா கையக் காட்டுவேன். ஆட்டோக்காரன் பக்கத்துல வந்தா தொடையத் தட்டுவேன். நான் வெளையாடறேன்னு நெனச்சுக்கினு இருந்தியா?”

கேசவன் அப்படித்தான் நினைத்திருந்தார்.

“புத்தூர் வரைக்கும் ரோடு சந்துமாரி. உசுர கையில புடிச்சுக்கினு குந்தினு வருவேன். புத்தூரு தாண்டினா ரோடு அகலம், அப்பதான் மூச்சு வுடுவேன்.”

புத்தூர் தாண்டியதும் தெளிகிற அந்த முகம். ஆறு நாள் உழைத்தவளை ஏழாம் நாள் ஓய்வாகக் கூட்டிப்போகிறோம் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ஏழாம் நாளும் அவள் அவருடைய காதாக வேலை செய்துகொண்டு வந்திருக்கிறாள், புத்தூர் தாண்டும்வரை கண் இமைக்காமல்.

“ஏம்மே சொல்லல?”

“நீ சொல்லுவேனு பாத்தேன். நீ மறைச்சத நான் எடுத்துச் சொன்னா, சாவிய நானே புடுங்கினாப்புல ஆவாதா?”

சீனுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டான். “இனிமே நீ ஓட்ட வேணாம் நைனா. வண்டியும் வேணாம், ஒண்ணியும் வேணாம்.”

“நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்” என்றாள் பச்சையம்மாள்.

கேசவன் திரையைப் பார்த்து, தெரிந்தே, பொத்தானை அழுத்தி வண்டியை நிறுத்தினார். இறங்கினார். பின்கதவைத் திறந்து சாவியைச் சீனுவின் கையில் வைத்தார்.

“நீ ஓட்டுடா. காதைக் காட்டிட்டு வர்ற வரைக்கும் நான் தொடல. உங்கம்மா மேல ஆணை.” பிறகு மோகனப்ரியாவைப் பார்த்துச் சொன்னார். “வண்டி மேல ஒரு கொறையும் இல்லம்மா. கொறை என்னாண்டதான். உன்ன வேற பயமுறுத்திட்டேன்.”

“இருக்கட்டும் சார். நிதானமா வாங்க” என்றாள் அவள். இந்த முறை மறக்காமல் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது கேசவனும் பச்சையம்மாளும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். கல்யாணமானதிலிருந்து வண்டியில் ஒன்றாகப் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் அவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

“எப்டி கீது வண்டி?” என்று கேட்டார்.

“எனக்குப் புடிச்சிருக்கு. இங்க பாரு, கால் எங்க போவுது. உனக்கு?”

“எனக்கும்தான்.”

“அப்ப மொதல்ல காது. அப்பால வண்டி.”

அன்று சாயங்காலமே திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, மெல்லியதும் தடித்ததுமாகச் சத்தங்களை அனுப்பிப் பார்த்தார். “தறியா?” என்று கேட்டார். “தறிதான்” என்றாள் பச்சையம்மாள். போன காது திரும்பி வராது, இருக்கிற காதைக் காப்பாற்றலாம், கொட்டகைக்குள் இனி இரண்டு பேரும் காதை மூடுகிற உறை போட்டுக்கொள்ள வேண்டும், வெளியே கேசவன் கேட்கும் கருவி மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேசவன் கேட்டபோது, பழகிக்கொண்டு வரட்டும், மறுபடி சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சீனு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பத்து வாரம் பஸ்ஸில் போனார்கள். பஸ் படியில் பச்சையம்மாளைப் பின்னாலிருந்து தாங்கி ஏற்றுவது கேசவனின் வேலை. இரண்டு வாரம் முட்டி வீங்கி அவள் வரவேயில்லை. வீட்டிலேயே தாயார் படத்துக்குப் பூ வைத்தாள். அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் கேசவன் சாப்பிடாமல் இருந்தார், கேட்டதற்கு விரதம் என்றார்.

காதுக் கருவி பெரிய இம்சையாக இருந்தது. பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் தலைக்குள் இடி இடித்தது. தேவேந்திரன் வீட்டுக் கோழிக்குக்கூட இவ்வளவு சத்தம் உண்டா என்று ஆச்சரியப்பட்டார். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் பச்சையம்மாள் விடமாட்டாள். “பையிலயா காது கீது உனக்கு? எடுத்து மாட்டு” என்பாள். மாட்டிக்கொள்வார். லட்சுமம்மா மதில் பக்கம் வந்து, “அண்ணே, இப்ப கேட்டா நாற்காலி கெடைக்குமா?” என்று கேலி செய்தாள். அது முழுசாகக் கேட்டது. கேசவனும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர் மறுபடி பார்த்து, கருவியோடு ஓட்டலாம் என்றார். சீனுவுக்கு அதுவும் போதவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டுக்கு வெளியே ஒரு காலி மனை மைதானத்தில் நைனாவிடம் பழைய வண்டியைக் கொடுத்து ஓட்டவைத்து, பின்னாலிருந்து பைக்கில் ஹாரன் அடித்து அடித்துச் சோதித்தான். மூன்றாவது வாரம், “டேய், கேக்குதுடா, காது வலிக்குது, நிறுத்து” என்று கேசவன் ஜன்னல் வழியாகத் திட்டிய பிறகுதான் அவன் மனம் ஆறியது. இரண்டாம் முறை ஷோரூமுக்குப் போனபோது மோகனப்ரியா தானே பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கேசவன் முதலில் பெல்டை மாட்டினார். சிக்னலில் கையை இறுக்கமாக ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டார். அன்றே வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆவணியில் வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை விடிகாலை அது கிளம்பியது தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தேவேந்திரன் அன்று ஏழு மணிவரை தூங்கிவிட்டு, அதற்கும் கேசவனைத் திட்டினார்.

பச்சையம்மாள் முன்கதவைத் திறந்தாள். கேசவன் பின்சீட்டைக் காட்டினார்.

“அங்க போ. காலை நீட்டு.”

“வாணாம். இங்கயே குந்தறேன்.”

“மே, போ. கேக்குது எனக்கு.”

அவள் அரைமனசாகப் பின்னால் ஏறினாள். தறிக்கொட்டகைக் குரலில், “ஜாக்கிரதையா போ!” என்றாள்.

“மெல்ல பேசு. தாயாருக்கே கேட்டிருக்கும்.”

மெல்லப் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஒருமுறை குரலைத் தாழ்த்திப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. தனக்கே சிரிப்பு வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு அளவு கிடைத்தது. சீனு வீட்டுக் கதை, நூல்காரன் கதை, அடுத்த மாசம் கட்ட வேண்டிய பூவின் கதை. கருவி எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நாலு வார்த்தையில் ஒன்று எங்கேயோ விழுந்துபோயிற்று.

“இன்னா சொன்ன? இன்னொரு தரம் சொல்லு” என்று கேட்டார் கேசவன்.

அவள் இன்னொரு தரம் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். கேட்கக் கூச்சமாக இல்லை என்பதே அவருக்குப் புதுசாக இருந்தது.

சந்து ரோட்டில் ஒரு ஆட்டோ பின்னால் வந்தது. ஹாரன் கேட்டது, ஒதுங்கி வழிவிட்டார். பின்னாலிருந்து கை எதுவும் நீளவில்லை. “பாத்தியா?” என்றார். பதில் இல்லை. கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். புத்தூர் வர இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. பச்சையம்மாள் பூக்கூடையை அணைத்தபடி, சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கேசவன் காலை லேசாக எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் வேகம் குறைந்து போய்க்கொண்டிருந்தது.